ஒரு டம்ளர்

திங்கள் காலை ரிசர்வ் டப்பாவில்
மேல்கோடு வரை ஊற்றுகிறேன்.
சனிக்கிழமை பார்த்தால்
ஒரு டம்ளர் குறைகிறது.
வண்டிக்கடியில் ஈரமில்லை. ஹோஸ் காய்ந்திருக்கிறது.
ஆயில் மூடியைத் திருகி விரலால் வழித்தேன்:
கறுப்புதான், பால் கலக்கவில்லை.
புகையிலும் வெள்ளை இல்லை.
எங்கே போகிறது அந்த ஒரு டம்ளர்?

பின்னால் முப்பது கேன் குடிதண்ணீர்,
ஏற்காட்டு லாட்ஜுகளுக்கு.
அறுநூறு லிட்டர் சுமந்து மலையேறும் குட்டியானை
தன் தாகத்தை மட்டும்
வாய்விட்டுச் சொல்லாது.

கோரிமேட்டில் இருதயராஜ் சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு
வெகுநேரம் எஞ்சினையே பார்த்தார்.
"ஹெட் கேஸ்கெட்டா இருக்கலாம்ங்க்கா.
இல்லாமயும் இருக்கலாம்."
எத்தனை நாள் தாங்கும்?
"ரெண்டு வருசம் ஓடுனதும் பாத்திருக்கேன்.
ரெண்டாவது கொண்டை ஊசியில படுத்ததும் பாத்திருக்கேன்."
இப்போதே பிரித்தால் ஒன்பதாயிரம்,
செவ்வாய்ப்பேட்டை லேத்தில் ஹெட்டைச் சீவும் கூலியோடு.
போன பிறகென்றால் ஹெட் வளைந்திருக்கும்,
முப்பதுக்குக் குறையாது.
நேர்மையான ஆள். அதுதான் தொல்லை.
பொய் சொல்கிற மெக்கானிக் என்றால்
முடிவை அவனே எடுத்திருப்பான்.

கொழுந்தன் மெய்வேல் சொல்கிறான்:
"ஓடுறதைப் போய் பிரிக்காதீங்க அண்ணி.
பிரிச்சா பழையபடி சேராது."
வீட்டைப் பாகம் போடச் சொன்னபோதும்
இதே வார்த்தைதான்.

வெயில் காலம். சீசன்.
மூன்று நாள் வண்டி நின்றால்
லாட்ஜ்காரர் நான்காம் நாள் வேறு ஆளுக்கு போன் போடுவார்.
அதனால் ஏறிக்கொண்டே இருந்தேன்,
இருபது ஊசிக்கும் ஒரே முள்ளைப் பார்த்தபடி.
ஒன்பதாவது வளைவில் பாதிக்கு வரும்.
பதினான்கில் பாதியைத் தாண்டி ஒரு நூல்.
அந்த நூல் போன மாதமும் இருந்ததா?
சீட்டுக்கடியிலிருந்து தொடைக்குச் சூடு ஏறுகிறது,
சித்திரையா எஞ்சினா தெரியவில்லை.
குரங்குகள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து
நான் எந்த வளைவில் நிற்பேன் என்று
பந்தயம் கட்டியிருப்பதுபோல் பார்க்கின்றன.

ஒருநாள் பதினேழில் ஒரு வெள்ளைக் கார்
பானெட்டைத் திறந்துபோட்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
ஒரு கேன் இறக்கிக் கொடுத்தேன்.
ஆறட்டும், மூடியில் கை வைக்காதீங்க என்றேன்.
முன்கூட்டியே ஏதும் தெரிஞ்சுதுங்களா என்று கேட்டேன்.
"ஒண்ணுமே தெரியலைங்க, நல்லாத்தான் ஓடுச்சு" என்றார் அவர்.
"போன மாசமே சொன்னேன்" என்றாள்
பின்சீட்டிலிருந்து அவர் மனைவி.

அதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன் என்றால்
கேட்க நன்றாக இருக்கும்.
அப்படியில்லை.
அந்த மாதம் சீட்டு ஏலத்தில் கேட்பார் யாருமில்லை,
சொற்பத் தள்ளுபடியில் எனக்கே விழுந்தது.
பணத்தை எண்ணி ஜாக்கெட்டில் செருகியபோது
அது ஏற்கெனவே
இருதயராஜுடைய பணமாக இருந்தது.

மூன்றாம் நாள் பழைய கேஸ்கெட்டைக் கையில் கொடுத்தார்.
இரண்டு பெரிய வட்டம், சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டை,
வட்டங்களுக்கு நடுவே ஒல்லியாக ஒரு பாலம்.
அதன்மேல் மயிரிழையாய் ஒரு கரி.
இதுதானா என்றேன்.
வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார்.
"ஆரம்பிச்சிருந்த மாதிரிதான் இருக்குது.
இல்ல, கழட்டறப்ப நான் கீறுனதோ என்னமோ."

வீட்டில் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
மெய்வேல் தாண்டிப் போகும்போதெல்லாம்
ஒன்பதாயிரம் என்பான், அதற்குப் பெயர் வைத்தவன்போல.
காப்பாற்றப்பட்ட முப்பதாயிரத்தை
யாருக்கும் காட்ட முடியவில்லை.
அது எந்த ஆணியிலும் தொங்குவதில்லை.

முள்ளும் பழைய இடத்திலேயே நிற்கிறது,
பதினான்கில் பாதியைத் தாண்டி ஒரு நூல்.

இன்று சனிக்கிழமை.
குனிந்து டப்பாவைப் பார்க்கிறேன்.
மேல்கோட்டில்தான் இருக்கிறது.
கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயோ?
வண்டி சரிவில் நிற்கிறது,
கண்ணில் வேறு வெயில் அடிக்கிறது.